சிற்றில் சிதைத்த பிள்ளைகளும் இடுப்பில் சுமந்த அக்காக்களும்

பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றைத் தமிழ் வகுப்பில் கேட்டு ரசிக்காதவர்கள் குறைவு. தத்தித் தத்தி வரும் குழந்தை சாப்பாட்டில் கைவிட்டு அளைகிறது, வாயில் கொஞ்சம் வைக்கிறது, நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்கிறது. இப்படியொரு பிள்ளை இல்லாதவர்கள் எவ்வளவு செல்வம் சேர்த்தாலும் வாழ்ந்த நாளுக்குப் பயனில்லை என்கிறான் அரசன். அழகான பாட்டுதான். ஆனால் அம்மாவான பிறகு அதைப் படிக்கும்போது எனக்கு ஒரு கேள்வி வருகிறது. அந்தத் தரையைத் துடைத்தது யார்?

அரசன் துடைத்திருக்க மாட்டான். பிள்ளையைப் பார்த்துப் பூரித்தவனின் பெயர் இரண்டாயிரம் ஆண்டுக்குப் பக்கமாக நிற்கிறது. நெய்ப்பிசுக்கைக் கழுவியவளுக்குப் பெயர் இல்லை.

எனக்கு இரண்டு பையன்கள். பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு மூன்றரை. திருவையாற்றில் குடியிருக்கிறோம். தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். ஏழரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய காலையில் பெரியவனுக்கு ஒரு ஷூ மட்டும் கிடைக்காது. அதைத் தேடும்போது சின்னவன் அஞ்சறைப்பெட்டியைக் கவிழ்த்து, கடுகையும் மஞ்சள்தூளையும் கலந்து சாம்பார் செய்துகொண்டிருப்பான். அவனைக் கழுவக் கொல்லைக்குத் தூக்கிப் போனால், பெரியவன் இட்லித் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு கூடத்தில் பேருந்து ஓட்டுவான். அந்தப் பேருந்தில் ஏற மறுத்த தம்பிக்கு ஓர் அடி விழும். இரண்டு அழுகைக்கும் நடுவில் என் கணவர் குளித்துவிட்டு வந்து, “என்ன சத்தம்?” என்பார். முழங்கால் வலியோடு நாற்காலியில் இருக்கும் மாமியார், “ஆம்பளப் புள்ளைன்னா அப்படித்தான்” என்பார்.

இந்த ‘அப்படித்தான்’ என்ற சொல்லுக்கு நம்மிடம் நீண்ட இலக்கிய வரலாறு உண்டு. பிள்ளைத்தமிழ் என்ற வகையில் பத்துப் பருவங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்ற முதல் ஏழும் ஆண், பெண் இருவருக்கும் பொது. அதற்குப் பிறகு பாதை பிரிகிறது. பெண்பால் பிள்ளைத்தமிழில் அம்மானை, நீராடல், ஊசல். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிறுபறை, சிற்றில், சிறுதேர். அதாவது, பையன் பறையைக் கொட்டிச் சத்தம் போடுவான், தேரை இழுத்துக்கொண்டு ஓடுவான், பெண் பிள்ளைகள் மணலில் கட்டிய சிறுவீட்டைக் காலால் இடித்துத் தள்ளுவான். ‘எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே’ என்று சிறுமிகள் கெஞ்சுவதாகப் புலவர்கள் பாடினார்கள். சோழ நாட்டிலேயே, 12ஆம் நூற்றாண்டில், ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கனுக்குப் பிள்ளைத்தமிழ் பாடினார். பாட்டுடைத் தலைவன் நாட்டை ஆண்ட சோழன். அவனை மடியில் வைத்துக் கொஞ்சும் தாயின் குரல் புலவர் இரவல் வாங்கியது.

பையன் உடைப்பது பருவம், பெண் கட்டுவது விளையாட்டு. உடைந்ததை யார் எடுத்துக் கட்டினார்கள் என்பதற்குப் பதினோராவது பருவம் ஒன்று எழுதப்படவே இல்லை. பிள்ளை வளர்ப்பின் வரலாற்றை எழுதப் புகுந்தால் அந்தப் பதினோராவது பருவத்தைத்தான் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்கு எங்கள் ஊரே ஒரு நல்ல தொடக்கம் தருகிறது.

திருவையாறு என்ற பெயருக்கு இங்கே இரண்டு விளக்கம் சொல்வார்கள். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகள் பாயும் இடம் என்பது ஒன்று. இன்னொன்று கோயில் கதை. குழந்தை நந்தியை நீராட்ட ஐந்து தீர்த்தங்கள் கலந்தன, அதனால் ஐயாறு. அந்த ஐந்தில் ஒன்று அம்பிகையின் முலைப்பால். ஓர் ஊரின் பெயருக்குள் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டிய வேலையும் தாய்ப்பாலும் இருக்கின்றன என்பது எனக்குப் பிடித்த செய்தி.

அந்த அம்பிகைக்கு இங்கே தர்மசம்வர்த்தினி என்று பெயர். தமிழில் அறம் வளர்த்த நாயகி. சிவன் அளந்து கொடுத்த இருநாழி நெல்லைக் கொண்டு அவள் முப்பத்திரண்டு அறங்களை நடத்தினாள் என்பது கதை. அந்த முப்பத்திரண்டு எவை என்று மரபாகச் சொல்லும் பட்டியலைப் படித்திருக்கிறீர்களா? தண்ணீர்ப்பந்தல், சோலை, மடம், கண்மருந்து, தலைக்கெண்ணெய், பசுவுக்கு வாயுறை என்று போகும் வரிசைக்கு நடுவில் மூன்று அறங்கள் அடுத்தடுத்து வருகின்றன. மகப்பெறுவித்தல், மகவு வளர்த்தல், மகப்பால் வார்த்தல். பிரசவம் பார்ப்பது, பிள்ளை வளர்ப்பது, பிள்ளைக்குப் பால் கொடுப்பது.

இதில் கவனிக்க வேண்டியது, இவை ‘தாயின் கடமை’ என்ற தலைப்பில் வரவில்லை என்பது. குளம் வெட்டுவதும் சோலை வைப்பதும் எப்படி ஊருக்குச் செய்யும் வேலையோ, அப்படியே பிறர் பிள்ளையை வளர்ப்பதும் ஊருக்குச் செய்யும் வேலை. அதற்கு நெல் வேண்டும், ஆள் வேண்டும், கணக்கு வேண்டும். அம்பிகையே இருநாழி நெல் வாங்கிக்கொண்டுதான் தொடங்கினாள்.

இதைச் சொல்லிவிட்டுப் பழங்காலத்தைப் பொற்காலமாக்க நான் தயாரில்லை. அதே முப்பத்திரண்டில் ‘பெண்போகம்’ என்பதும் ஓர் அறமாக எண்ணப்பட்டிருக்கிறது. பெண்ணின் உடலை ஆணுக்குக் கொடுப்பதும் தருமக் கணக்கில்தான் இருந்தது. மேலும் அந்த அறம் வளர்த்தவளின் வாசலை, வயலில் உழைத்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தாண்டவே முடியாது. தஞ்சைப் பகுதிக் கோயில்களின் கதவுகள் அவர்களுக்குத் திறக்கத் தொடங்கியது 1939ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டத்துக்குப் பிறகுதான். ஆகவே அந்தப் பட்டியலை நடந்ததின் பதிவாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை வளர்ப்பு வீட்டுக்குள் பூட்டி வைக்க வேண்டிய விஷயம் என்று எல்லாக் காலத்திலும் எல்லோரும் நினைத்துவிடவில்லை என்பதற்கு அது சாட்சி. அந்த அளவில் அது போதும்.

நடந்ததின் பதிவும் கொஞ்சம் இருக்கிறது. 1799இல் தஞ்சையின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. 1801இல் இரண்டாம் சரபோஜி, இராமேசுவரம் போகும் வழியில் இருந்த சத்திரங்களுக்கான வருமானத்தைக் காப்பாற்ற வேண்டி, கம்பெனியின் ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களில் என்னென்ன நடக்கிறது என்று அதில் விவரித்திருக்கிறார். வழிப்போக்கருக்குச் சோறு, நோயாளிக்கு மருந்து. அதோடு, கர்ப்பிணியாக வந்து சேரும் பெண்ணுக்குப் பிரசவம் பார்த்து, பிறகும் தங்கவைத்துப் பத்திய உணவு கொடுப்பது. கைக்குழந்தைகளுக்குப் பால். பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சத்திரத்திலேயே வளர்த்து, படிக்கவைப்பது. தன் தருமத்தைப் பற்றி மன்னர் தானே எழுதிய கடிதம் என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். ஆனாலும் மகப்பெறுவித்தல், மகவு வளர்த்தல், மகப்பால் வார்த்தல் என்ற அதே மூன்றும் இங்கே அரசாங்கச் செலவுக் கணக்கில் வந்து உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். மறுவருடம், 1802இல், ஒரத்தநாட்டில் எழுந்த பெரிய சத்திரம் முக்தாம்பாள் என்ற பெண்ணின் பெயரைத் தாங்கியது. அவர் சரபோஜியோடு வாழ்ந்தவர், முறைப்படியான அரசி அல்லர்.

பிறகு என்ன ஆனது? 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து, படித்த நடுத்தர வர்க்கம் ‘நல்ல தாய்’ என்ற ஒருத்தியை உருவாக்கத் தொடங்கியது. பெண்களுக்கான பத்திரிகைகள் அவளுக்குச் சுகாதாரம், சிக்கனம், சிசு பரிபாலனம் எல்லாம் கற்றுக்கொடுத்தன. 1924இல் வைஸ்ராயின் மனைவி லேடி ரீடிங் இந்தியாவில் குழந்தை வாரம் கொண்டாடும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். கண்காட்சி, சொற்பொழிவு, கொழுகொழு குழந்தைக்குப் பரிசு. குழந்தைகள் சாவது குறைய வேண்டும் என்ற நோக்கம் நல்லதுதான். ஆனால் குழந்தை செத்தால் காரணம் தாயின் அறியாமை, மருத்துவச்சியின் அழுக்குக் கை என்றே பேச்சு போனது. கூலியைப் பற்றி, குடிதண்ணீரைப் பற்றிப் பேசுவது அதைவிடக் கடினம். அறமாக இருந்தது பாடமாக மாறியது. பாடம் என்றால் தேர்வு உண்டு, தேர்வு என்றால் தோற்பவர் உண்டு. இன்று பையன் பள்ளியில் ஒருவனைக் கடித்துவிட்டால், தொலைபேசி எனக்குத்தான் வருகிறது.

சரி, வயலில் இறங்கிய பெண்களின் பிள்ளைகளை யார் பார்த்தார்கள்? அவர்களுக்குச் சத்திரமும் இல்லை, சிசு பரிபாலனப் பத்திரிகையும் இல்லை. காவிரிப் பாசனம் இந்த மண்ணில் நடவையும் களையெடுப்பையும் பெண்கள் வேலையாக வைத்திருந்தது. வரப்போரத்து மரத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்குவார்கள். பால் கொடுக்கக் கரையேறக் கூடாது என்று தடுத்த பண்ணைகளைப் பற்றிக் கீழத்தஞ்சைப் பெண்கள் சொல்லிய கதைகள் பல. 1944இல் களப்பாலில் ஏற்பட்ட ஒப்பந்தம் சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகப் பேசியது. 1952இன் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கூலியையும் வேலையிலிருந்து நீக்குவதையும் பற்றிப் பேசியது. இவை பெரிய வெற்றிகள். தூளி மட்டும் அந்த மரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

தூளியை ஆட்டியது யார் என்று எனக்குத் தெரியும். என் பெரியத்தை.

என் அப்பாயி நடவுக்குப் போனவர். திருப்பழனம் பக்கத்தில் ஒரு சிற்றூர். பெரியத்தை மூத்தவர். அவருக்குப் பின் ஏழு வருடம் கழித்து என் அப்பா பிறந்தார், 1957இல். அடுத்த இரண்டாவது வருடம் சித்தப்பா. வீட்டில் இரண்டு சின்னப் பையன்கள். அப்பாயி வயலுக்குப் போக வேண்டும். பெரியத்தை மூன்றாம் வகுப்போடு நின்றார்.

“சோறு போட்டாங்களே அத்தை அப்ப பள்ளிக்கூடத்துல, அதுக்காவது போயிருக்கலாமே” என்று ஒருமுறை கேட்டேன்.

“போனேனே. உங்கப்பன இடுப்புல வச்சிக்கிட்டுப் போனேன். வாத்தியாரு, புள்ளைய வீட்ல வுட்டுட்டு வான்னாரு. எங்க வுடுறது? திரும்பி வந்துட்டேன்.”

வரலாறு படிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பள்ளியில் மதிய உணவு என்ற யோசனை நம் மாநிலத்தில் நீதிக்கட்சிக் காலத்தில், 1920இல், சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது. 1956இல் காமராசர் அதை மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோனார். பெரியத்தைக்கு அப்போது பள்ளி வயது. பள்ளி பக்கத்தில் இருந்தது, வாத்தியார் இருந்தார், சோறும் இருந்தது. இடுப்பில் தம்பியும் இருந்தான். திட்டம் பள்ளிப் பிள்ளையின் பசியைப் பார்த்தது. அந்தப் பிள்ளை சுமந்துகொண்டிருந்த இன்னொரு பிள்ளையைப் பார்க்கவில்லை.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. கிராமப்புறங்களில் அது பள்ளிப் பிள்ளைகளோடு நிற்காமல், இரண்டு வயது முதல் உள்ள சின்னக் குழந்தைகளையும் மையங்களுக்கு அழைத்தது. இந்த ஒரு விவரத்தில்தான் எத்தனையோ அக்காக்களின் படிப்பு இருக்கிறது. தம்பியை மையத்தில் விட்டுவிட்டுப் பக்கத்துப் பள்ளிக்குப் போகலாம். பெரியத்தைக்கு அது இருபத்தைந்து வருடம் பிந்தி வந்தது.

இப்போது என் வீட்டுக் கலவரத்துக்கு வருகிறேன். அக்கா என்ற அந்த வேலையாள் இன்று இல்லை. எனக்கு இரண்டே பிள்ளைகள், இரண்டும் பையன்கள். இந்த ‘இரண்டு’ எங்கிருந்து வந்தது? கருத்தடை பெண்ணின் விடுதலைக்கு வேண்டும் என்று வாதாடியவர் பெரியார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் அவர் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறார். மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் குடும்பச் சொத்துக்காகவும் கருத்தடையை ஆதரிக்கிறார்கள், நாம் பெண்ணின் சுதந்திரத்துக்காகக் கேட்கிறோம் என்று. பிறகு அரசாங்கம் சிவப்பு முக்கோணத்தோடு ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்று சுவரெங்கும் எழுதியபோது, பெரியார் தள்ளிவைத்த காரணங்கள்தான் முன்னால் நின்றன. அறுவைச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் பெண்களே படுத்தார்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்.

பிள்ளைகள் குறைந்தது நமக்குப் பெரிய விடுதலை. எட்டுப் பெற்று நான்கைப் பறிகொடுத்த பாட்டிகளின் பேத்திகள் நாம். ஆனால் எண்ணிக்கை குறைந்தபோது, வேலையைப் பகிர்ந்துகொள்ள வீட்டில் புதிதாக யாரும் சேரவில்லை. அக்கா பள்ளிக்குப் போனாள், நல்லது. விதவை அத்தை தனியாகச் சம்பாதிக்கப் போனாள், அதுவும் நல்லது. அவர்கள் விட்டுப்போன இடத்தில் ஆண் வந்து நிற்கவில்லை. அந்த இடம் காலியாகவே இருக்கிறது. காலையில் என் கூடத்தில் நடக்கும் கூத்து அந்தக் காலி இடத்தில் நடப்பதுதான். பையன்கள் அன்றும் இப்படித்தான் இருந்தார்கள். அந்தச் சத்தத்தை ஓர் ஒன்பது வயதுப் பெண்ணின் இடுப்பு உள்வாங்கிக்கொண்டதால் வெளியே கேட்கவில்லை.

படித்த, புகழ்பெற்ற பெண்களின் வாழ்க்கையிலும் இதே பக்கம் ஒன்று விடுபட்டிருக்கிறது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியை எல்லா மாணவிகளுக்கும் தெரியும். 1912இல் மருத்துவப் பட்டம், 1927இல் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவர், தேவதாசி முறைக்கு எதிரான மசோதா, 1930இல் அவ்வை இல்லம், பின்னாளில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அவருக்கும் இரண்டு பையன்கள், ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி. இளையவர்தான் அந்த மருத்துவமனையை வளர்த்தெடுத்த டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. அம்மா சட்டமன்றத்துக்குள் நுழைந்தபோது அவர் பள்ளிச் சிறுவன். அன்று அந்த வீட்டில் ஷூ தேடிக்கொடுத்தது யார்? என் வகுப்பில் இதைக் கேட்டபோது மாணவிகள் சிரித்தார்கள். பாடத்தில் வராத கேள்வி. ஆனால் எந்தப் பெண்ணின் பொதுவாழ்வும் வேறு யாரோ ஒருவர் பிள்ளையைப் பிடித்துக்கொண்டதால்தான் நடந்திருக்கிறது. ஆணின் பொதுவாழ்வும் அப்படியே. அவர்களைப் பற்றி அதைக் கேட்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றுவதில்லை.

முத்துலட்சுமியின் பெயரிலேயே 1987 முதல் மகப்பேறு நிதியுதவித் திட்டம் நடக்கிறது. இன்று பணமும் பொருளுமாக 18,000 ரூபாய், முதல் இரண்டு பிரசவத்துக்கு. ஏழைத் தாய்க்கு அது பெரிய துணை. ஆனால் பிரசவத்துக்குப் பிறகான ஆறு வருடத்துக்கு யார் துணை என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் விசித்திரமான ஒரு கணக்கு தெரியும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், முப்பதுக்கு மேல் பெண் தொழிலாளர்கள் இருந்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. முந்நூறு ஆண்கள் வேலை பார்த்தால் வேண்டியிருக்கவில்லை. ஆணுக்குப் பிள்ளை இல்லை போலும். நூறுநாள் வேலைத் திட்டத்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டம், வேலைத்தளத்துக்குப் பெண்களோடு வரும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தால், ‘அந்தப் பெண்களில் ஒருவரை’ப் பார்த்துக்கொள்ள அமர்த்தச் சொன்னது. கூலி உண்டு என்பது முன்னேற்றம். 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டபோதுதான், பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணாமல், ஐம்பது ஊழியர்கள் இருந்தாலே காப்பகம் என்று வந்தது. அதே திருத்தம் தாய்க்கு 26 வார விடுப்புத் தந்தது, அப்பாவுக்கு ஒரு நாளும் தரவில்லை. மத்திய அரசின் ஆண் ஊழியருக்கு மட்டும் தனி விதியின்படி 15 நாள். ஸ்வீடன் 1974இலேயே குழந்தை வளர்ப்பு விடுப்பைத் தாய், தந்தை இருவருக்கும் பொதுவாக்கிவிட்டது.

1975 அக்டோபர் மாதம் இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமானது. அந்த மாதம் 2ஆம் தேதி, இந்தியாவில் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அங்கன்வாடி பிறந்தது அப்படித்தான். அதே மாதம் 24ஆம் தேதி, ஐஸ்லாந்தில் ஏறக்குறைய 90 சதவீதப் பெண்கள் ஒருநாள் எல்லா வேலையையும் நிறுத்தினார்கள். அலுவலகம், மீன் ஆலை, அடுப்படி, பிள்ளை எல்லாம். அப்பாக்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலுவலகம் போனார்கள். எளிதில் சமைக்கக்கூடிய சாசேஜ் கடைகளில் தீர்ந்துபோனது. அந்த வெள்ளிக்கிழமைக்கு அங்கே ‘நீண்ட வெள்ளி’ என்றே பெயர் வந்துவிட்டது. ஒரு நாள்தான். ஆண்களுக்கு அது நீண்டது.

நமக்கு வந்த அங்கன்வாடி ஐம்பது வருடத்தில் செய்திருக்கும் வேலை சாதாரணமில்லை. என் சின்னவனும் அங்கேதான் போகிறான். முப்பது பிள்ளைகளை ஒரு டீச்சரும் ஓர் ஆயாவும் சமாளிப்பதைப் பார்க்கும்போது, இரண்டு பேரோடு மல்லுக்கட்டும் எனக்குக் கை தானாகக் குவிகிறது. ஆனால் நாடு முழுவதும் அவர்கள் கையில் வாங்குவதற்குச் சட்டப்படியான பெயர் சம்பளம் இல்லை, மதிப்பூதியம். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கே 2022 ஏப்ரல் ஆனது. சத்துணவு மையங்களில் 1982இல் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்து வேலை தந்தார்கள். நல்ல எண்ணம். கொடுத்தது தொகுப்பூதியம்.

இங்கேதான் அறம் வளர்த்த நாயகியிடம் எனக்கு ஒரு சண்டை. பிள்ளை வளர்ப்பை ஊரின் வேலையாக எண்ணியது அந்தப் பழைய பட்டியலின் பலம். அதை அறம் என்று அழைத்தது அதன் பலவீனம். அறம் என்று சொல்லிவிட்டால் கூலி கேட்க வாய் வராது. வீட்டில் அதற்குத் தாய்மை என்று பெயர், மையத்தில் சேவை என்று பெயர். இரண்டு இடத்திலும் செய்பவள் பெண், இரண்டு இடத்திலும் கணக்குப் புத்தகம் மூடியே இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அந்தப் புத்தகத்தைச் சற்றுத் திறந்தது. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97. அதிலும் வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான், பெண்கள் 81 பேர்.

ஜூனில் மேட்டூர் திறந்து, கல்லணை வழியாகத் தண்ணீர் எங்கள் படித்துறையைத் தொடும்போது ஊரே மகிழ்கிறது. எதிர்வீட்டு அக்கா என்னிடம் வந்து, “ஆத்துல தண்ணி வந்துடுச்சு, புள்ளைங்களப் பாத்துக்க” என்பார். பாசத்தில் சொல்வதுதான். அந்த மூன்று மாதமும் வாசல் கதவின் மேல்கொக்கி போட்டிருக்கிறதா என்று நான் இரவில் எழுந்து பார்ப்பேன். பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும் என் கணவரிடம் யாரும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை. அவருக்கும் பிள்ளைகள் மேல் உயிர்தான். ஆனால் ஆற்றின் பயம் என் பெயரில் பட்டா எழுதப்பட்டிருக்கிறது. போன வருடம் ஒருநாள் அதை வாய்விட்டுச் சொன்னேன். இப்போது கொக்கியைப் பார்ப்பது அவர் வேலை. காலையில் சின்னவனைக் குளிப்பாட்டி அங்கன்வாடியில் விடுவதும் அவர்தான். முதல் வாரம் மையத்து ஆயா, “அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாராம்.

பையன்களுக்கும் ஒரு விதி போட்டிருக்கிறேன். யார் கொட்டினாலும் இரண்டு பேரும் சேர்ந்து எடுக்க வேண்டும். கடுகைப் பொறுக்க முக்கால் மணி நேரம் ஆகிறது, நானே கூட்டினால் இரண்டு நிமிடம். அந்த முக்கால் மணி நேரத்தை விடுமுறை நாளில்தான் கொடுக்க முடிகிறது. மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களுக்கும் பிடித்திருக்காது.

மாணவிகளுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். எந்தத் தலைவரின், எந்தப் போராட்டத்தின் வரலாற்றைப் படித்தாலும், அந்த நேரத்தில் குழந்தை யாரிடம் இருந்தது என்று கேளுங்கள். ஆவணக் காப்பகத்தில் பதில் கிடைக்காமல் போகலாம். வீட்டில் கிடைக்கும். அவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், எழுபது எண்பது வயதில், இடுப்பு வலியோடு. அவர்கள் பேசுவதை எழுதி வையுங்கள். நாள், வயது, எந்த வகுப்போடு நின்றார்கள், யாரைத் தூக்கினார்கள் என்ற விவரத்தோடு.

பெரியத்தை சொன்னதை எழுதப்போகிறேன் என்று அவரிடம் அனுமதி கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “பேரெல்லாம் போடாத” என்றார். பிறகு, “மூணாங்கிளாஸ் வரைக்கும் நல்லா படிச்சேன்னு மட்டும் போடு” என்றார்.